ஐம்பத்தேழாம் பக்கத்தை ஒட்டிவிட்டேன்

நான் பார்க்காமலே பிரியம் வைத்துவிட்ட என் பட்டாளத்துத் தாத்தாவுக்கு,

நான் ஜெசி. உங்கள் மகன் ஆரோக்கியசாமியின் பேத்தி, உங்களுக்குக் கொள்ளுப்பேத்தி. நீங்கள் போய்ப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். நேற்று கல்லறைத் திருநாள். இந்த வருஷம் உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தது நான்தான். சிலுவையில் ஒரு பக்கம் திட்டுத்திட்டாக இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். பிரஷ் தேய்ந்துபோனது.

நேற்று அங்கே நடந்தது உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று சும்மா ஆறுதலுக்குச் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு இடது காது கேட்காது. அதனால் எழுதிவிடுகிறேன். ஊரும் படிக்கட்டும். உங்களைப் பற்றி ஊர் நிறையப் பேசிவிட்டது. இனி கொஞ்சம் கேட்கட்டும்.

பாலக்கரையில் நம் வீட்டுக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். கைதூக்கி வீடு. சிங்கப்பூர் விழுந்தபோது வெள்ளைக்காரனிடம் கையைத் தூக்கிச் சரணடைந்து, ஜப்பான்காரனின் கைதியாகத் தீவில் கிடந்து, எலும்புக்கூடு மாதிரி திரும்பி வந்த சவரிமுத்துவின் வீடு. அட, பாருங்கள், நானே தப்பாக எழுதுகிறேன். ஊர் அப்படித்தான் உளறும். நீங்கள் சரணடைந்தது ஜப்பான்காரனிடம். துப்பாக்கியைக் கீழே போடச் சொன்னவர்கள்தான் மேலே இருந்த வெள்ளைக்காரர்கள். உத்தரவு அவர்களுடையது, பட்டப்பெயர் மட்டும் உங்களுக்கு.

எனக்கும் அந்தப் பெயர் ஒரு நாள் வந்து சேர்ந்தது. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் காலேஜை விட்டேன். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாசம் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மலைக்கோட்டைப் பக்கம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வருவேன். காலேஜில் என் பெயரைக் கூப்பிட்டால் என் தோழி ஒருத்தி குரலை மாற்றிப் பதில் சொல்லிவிடுவாள். கடைசியில் ஒரு ப்ரொஃபசர் தலையை எண்ணிப் பார்த்துவிட்டார். மாட்டினேன்.

அன்றைக்கு உங்கள் மகன் என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே வரி. "எங்கேர்ந்து வரும் தைரியம்? கைதூக்கி ரத்தம்தானே." நான் அழவில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், இரும்போடு பழகின வாய், அப்படித்தான் பேசும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதற்கப்புறம்தான் உங்கள் புத்தகத்தை எடுத்து முழுசாகப் படித்தேன்.

'தீவில் ஒரு சிப்பாய்.' நீங்களே எழுதி, நீங்களே செலவு செய்து, இங்கேயே ஒரு சின்ன அச்சகத்தில் போட்ட புத்தகம். தொண்ணூறு பக்கம்கூட இல்லை. யாரும் வாங்கிப் படிக்கவில்லை, நம் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. கப்பல் அடியில் மூச்சு முட்டிக் கிடந்தது, விமானத்தளம் போடக் கல் சுமந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் காய்த்த பப்பாளியை மூன்று மாசம் பார்த்துக்கொண்டே இருந்தது, எல்லாம் இருக்கிறது. உங்களைப் பெரிய வீரனாக ஓரிடத்திலும் காட்டிக்கொள்ளவில்லை. ஐம்பத்தாறாம் பக்கத்தில் உங்கள் சிநேகிதன் ரங்கராஜனுக்கு வயிற்றுப்போக்கு முற்றிவிடுகிறது. படைப்பிரிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீரங்கத்துக்காரர். "அவன் கண்ணைத் திறந்து" என்று பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் ஐம்பத்தொன்பது. அங்கே மழைக்காலம் வந்துவிடுகிறது.

ரங்கராஜன் என்ன ஆனார்? நடுவில் ஒரு தாள் இல்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த அத்தனை பிரதியிலும் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இப்போது நான் வேலை பார்ப்பது மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில். ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங். சந்து முனையில் பழைய புத்தகம் விற்கும் பாய் எனக்கு நல்ல பழக்கம். ரெண்டு மாசம் முன்னால் டீ குடிக்கப் போனவளைக் கூப்பிட்டார்.

"ஜெசி, இங்க வாம்மா. மெட்ராஸ்ல ஒருத்தர், யுத்தப் புஸ்தகம்னா உசுர விடுவாரு. அவருக்குன்னு ஒண்ணு ஒதுக்கி வெச்சேன். பாலக்கரைன்னு அட்ரஸ் போட்டிருக்கு. உங்க ஏரியா ஆச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. இந்த ஆளத் தெரியுமா?"

"ஆளா? எங்க கொள்ளுத்தாத்தா பாய் அது."

"யா அல்லா! மாத்தி உக்காரு, பெஞ்சு ஆடும். பாத்துப் பொரட்டு, தாளு அப்பளம் மாதிரி இருக்கு."

முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்து. நீல மை பழுப்பாகிவிட்டது. "ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி, ரங்கராஜன் குடும்பத்தாருக்கு." நேரே ஐம்பத்தாறுக்குப் போனேன். புரட்டினேன். ஐம்பத்தேழு இருந்தது.

அந்தப் பெஞ்சிலேயே படித்தேன் தாத்தா. நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

"அவன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். துணியை நனைத்து வாயில் பிழிந்தேன். குடித்தான். பிறகு குடிக்கவில்லை. அன்று அமாவாசை. என் மடியில்தான் போனான். மதியத்துக்குள் புதைத்தோம். அவன் எண்ணை மட்டும் நான் புதைக்கவில்லை. நோயாளிக் கொட்டகையில் கிடப்பவனின் எண்ணைக் காலையில் கூப்பிட்டால், பக்கத்தில் படுத்திருப்பவன் பதில் கொடுத்து அவன் சோற்றையும் வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் அவன் எண் வந்தது. நான் பதில் கொடுத்தேன். இரண்டு கைப்பிடிச் சோறு. ஆறு நாள் இறந்தவன் சோற்றைத் தின்றேன். ஆறாம் நாள் என் வயிறு நிறைந்தது. வயிறு நிறைந்தபிறகுதான் எனக்கு அழத் தெரிந்தது. ஏழாம் நாள் அவன் எண் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். துப்பாக்கிக் கட்டையால் இடது காதில் அடித்தார்கள். அவன் இறந்த நாளாக அன்றைய தேதியையே எழுதிக்கொண்டார்கள்."

தாளின் மறுபக்கம் ஐம்பத்தெட்டு. "ஊர் திரும்பியபின் மூன்று முறை ஸ்ரீரங்கம் போனேன். இரண்டு முறை வாசலில் பெரிய கோலம். அதைத் தாண்டிப் போகத் துணிவு இல்லை. மூன்றாம் முறை கோலம் இல்லை. பூக்கடையில் விசாரித்தேன். அந்த வீட்டில் இன்று திதி, திதியன்று கோலம் போட மாட்டார்கள் என்றார்கள். அது அவன் இறந்த நாள் அல்ல. ஏழு நாள் தள்ளி, தவறான நாளில் அவனுக்குச் சோறு படைக்கிறார்கள். காரணம் நான். அன்றும் திரும்பி வந்துவிட்டேன்."

அதற்குக் கீழே அவர் இறந்த சரியான தேதியை எழுதியிருந்தீர்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அந்த வீட்டுக்குச் சொந்தம்.

என் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பாய் என்னைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போம்மா. வீட்டுப் புஸ்தகம் வீட்டுக்குப் போகட்டும். மெட்ராஸ்காரருக்கு வேற கதை சொல்லிக்கிறேன்" என்றார்.

எப்படி அது நடைபாதைக்கு வந்தது தாத்தா? நான்காம் முறையும் போனீர்களா? யார் கையிலாவது கொடுத்தனுப்பி, அவர்கள் கொடுக்காமல் விட்டார்களா? இல்லை, டவுன் பஸ்ஸில் வேண்டுமென்றே மறந்து வைத்தீர்களா? இதற்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவே போவதில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் மகன் முன்னால் நின்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, அம்பத்தேழாம் பக்கம் எங்க?"

"எந்த அம்பத்தேழு?"

"பட்டாளத்துத் தாத்தா புக்குல."

"கரையான் அரிச்சிருக்கும்."

"கரையான் என்ன பிளேடு வெச்சா அரிக்கும்? எல்லாத்துலயும் அதே தாள மட்டும், ஸ்கேல் புடிச்சாப்ல?"

பேப்பரை மடித்தார். என் கையில் இருந்த பிரதியைப் பார்த்தார். அது வெட்டாதது என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

"நாந்தான் அறுத்தேன். அப்பாவ அடக்கம் பண்ணின மறுவாரம். என்னாங்கிற இப்ப?"

"ஏன் அறுத்தீங்க?"

"உனக்கு என்னடி தெரியும்? ஸ்கூல்ல வாத்தியாரு பேரு கூப்பிட்டா, நான் எந்திரிக்கிறதுக்குள்ள பின் பெஞ்சுல நாலு பேரு ரெண்டு கையையும் தூக்குவான். பட்டறைல சேந்தேன், அங்கயும் தூக்குனான். இதுல பொணத்துச் சோறு தின்னவன் மவன்னு வேற கூப்பிடணுமா? உங்கப்பனுக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப இந்தப் புஸ்தகத்தச் சொந்தக்காரனுக்குக் குடுத்துட்டா போக முடியும்?"

"அவரு தானாத்தானே எழுதினாரு? யாரும் கேக்கலியே?"

"அதான் கோவம்! யாரும் கேக்கல! பாத்தவன் ஒருத்தனும் உசுரோட இல்ல! எதுக்கு எழுதணும்?"

அந்தக் கேள்விதான் தாத்தா. அதே கேள்விதான் என்னையும் பிடித்து உலுக்கியது, ஆனால் வேறு பக்கமாக. காலேஜ் விஷயத்தில் நான் சொல்லவில்லை, மாட்டிக்கொண்டேன். நீங்கள் மாட்டிக்கொள்ளாமலே சொன்னீர்கள். ஒரு தடவை அங்கே, காதைக் கொடுத்து. இன்னொரு தடவை இங்கே, ஈயத்தில் எழுத்துக் கோத்து, பெயரும் விலாசமும் போட்டு. தெருவே கைதூக்கி என்று சிரித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் கையிலேயே இன்னொரு கல்லையும் எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும்? என் ரத்தத்தில் அது ஒரு சொட்டு இருந்தால் போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

"நான் ஸ்ரீரங்கம் போயி இத அவங்ககிட்ட குடுக்கப் போறேன்" என்றேன்.

"போ. போயி எங்கப்பன அசிங்கப்படுத்திட்டு இந்த வாசல மிதிக்காத."

எழுந்து உள்ளே போனவர், ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து, என் முன்னால் தரையில் வைத்தார். திறந்தேன். அறுத்த தாள்கள் எல்லாம் அதற்குள், ஓரம் சேர்த்து அடுக்கி, நூல் கட்டி.

"எரிக்கத்தான் நெனச்சேன்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அவரு எழுத்தாச்சே. கை வரல."

மறுநாளே வண்டியை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் காற்று தள்ளியது, புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டேன். வடக்கு உத்திர வீதியில் மூன்று பேரைக் கேட்டதில் வீடு கிடைத்தது. "பட்டாளத்துல போனவராமே, அவர் ஆத்தைத்தானே கேக்கறே? பிள்ளை இன்னும் இருக்காரே" என்று கைகாட்டினார் ஒருத்தர். வாசலில் கோலம் இருந்தது. நான் அதை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டினேன். உங்களால் முடியாததைச் செய்கிறோம் என்ற திமிர், பொய் சொல்வானேன், கொஞ்சம் இருந்தது.

கதவைத் திறந்தது வைதேகி மாமி. பேங்கில் வேலை, ஐம்பது வயது இருக்கும். ஊஞ்சலில் அவர் அப்பா ஸ்ரீநிவாசன். ரங்கராஜன் கப்பல் ஏறியபோது இவர் கைக்குழந்தை. அப்பாவின் முகமே நினைவில்லை. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், கண் மங்கல். நான் யார் என்று சொன்னேன். புத்தகத்தைக் கொடுத்தேன். அவரால் படிக்க முடியாது, மாமி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஐம்பத்தேழில் குரல் இறங்கியது. ஐம்பத்தெட்டில் நின்றுவிட்டது.

"மிச்சத்தையும் வாசி" என்றார் அவர். வாசித்தார்.

மாமி புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"ஆறு நாள் அவர் பேர்ல வாங்கிச் சாப்பிட்டுட்டு, வாசல் வரைக்கும் வந்து, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருக்காரே! எங்கப்பா ஆயுசு பூரா சப்தமியில திதி பண்ணிண்டிருக்கார். ஒரு வருஷம் காய்ச்சலோட, ஈர வேஷ்டியோட பண்ணினார். அத்தனையும் தப்பு நாள்னா, அது யாருக்குப் போச்சு? சொல்லு!"

தப்புதான் மாமி என்றேன்.

"வைதேகி, சித்த சும்மா இரு" என்றார் பெரியவர். என் பக்கம் குரல் வந்த திசையில் திரும்பினார். "நீ சொல்லும்மா. எங்கப்பா போறச்சே தலைமாட்டுல ஆள் இருந்ததுன்னு போட்டிருக்கோன்னோ?"

"மடியிலதான் இருந்தாரு. அப்படித்தான் எழுதியிருக்காரு."

"தீர்த்தம் குடுத்தது அவர்தானே?"

"ஆமாங்க. துணிய நனைச்சு."

"ம்." கண்ணாடியைக் கழற்றினார். "பட்டாளத்துலேர்ந்து வந்த கடுதாசில தேதி மட்டும்தான் இருந்தது. நாய் நரி மாதிரி எங்கேயோ அநாதையா கிடந்தார்னுதான் எங்கம்மா சாகற வரைக்கும் நினைச்சுண்டிருந்தா." அப்புறம் விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். "அமாவாசையா? அமாவாசை நான் ஒண்ணுகூட விட்டதில்லையே. பூணூல் போட்ட நாள்லேர்ந்து மாசாமாசம் தர்ப்பணம். அப்போ நாள் தெரியாமலே அந்த நாள்ல அவருக்கு எள்ளும் தண்ணியும் போயிண்டுதான் இருந்திருக்கு."

"அது சரிப்பா. ஆனா அந்த ஆறு நாள் சாப்பாடு?" மாமி விடவில்லை.

"அசடே. திதியன்னிக்கு நாம என்ன பண்றோம்? ரெண்டு பேரை உக்கார வெச்சு, அப்பா பேரைச் சொல்லி, வயிறு ரொம்பச் சாப்பாடு போடறோம். சாப்பிட்டு ஆச்சா, திருப்தியான்னு கேக்கறோம். அதுக்கு மேல என்ன இருக்கு? நான் தொட்டில்ல கிடந்த பய, எனக்கு என்ன தெரியும்? அங்கே அவர் பேரைச் சொல்லி ஒருத்தர் பசியாறியிருக்கார். அதுவும் எப்பேர்ப்பட்ட பசி. வயிறு நிறைஞ்சுதுன்னு எழுதியிருக்காரோன்னோ? அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிம்மா."

மாமி நிமிரவில்லை. நான் படித்தேன். ஆறாம் நாள் என் வயிறு நிறைந்தது.

"திருப்தி" என்றார் அவர்.

தாத்தா, நீங்கள் மூன்று தடவை திரும்பிப் போன வாசல் அது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளே வந்திருக்கலாமே? அவர் அம்மா அப்போது உயிரோடுதானே இருந்திருப்பார்? இதை நான் கேட்காமல் விட்டால் உங்கள் ரத்தம் இல்லை. உங்களைக் கும்பிடுகிறேன், ஆனால் இதில் நீங்கள் செய்தது தப்பு. நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் அந்த மாசத்து அமாவாசை. பஞ்சாங்கம் பார்த்து, அதே மாசம்தான், இந்த வருஷமே நாளை மாற்றிவிட்டார்கள். "அன்னிக்கு வெளி மனுஷா வரப்படாது, தப்பா எடுத்துக்காதே" என்றார் மாமி. கோபம் பாதி இறங்கியிருந்தது. போகவில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகிற வழியில், அது என் வழியே இல்லை என்றாலும், வண்டியை ஸ்ரீரங்கத்துக்கு விட்டு அந்தத் தெருவில் ஒரு சுற்று சுற்றினேன். வரிசையாக எல்லா வாசலிலும் கோலம். ஒரு வாசல் மட்டும் தண்ணீர் தெளித்து வெறுமையாக இருந்தது. ஒரு வெறும் வாசலைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டவள் திருச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் ஸ்ரீரங்கம் போய் வந்த பிறகு உங்கள் மகன் ரெண்டு நாள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வாசலை மிதிக்காதே என்று சொன்னதையும் மறந்த மாதிரி இருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "என்ன சொன்னாங்க? காறித் துப்புனாங்களா?" என்றார். அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். கை சோற்றிலேயே நின்றது. எழுந்து குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

மறுநாள் அடுப்பில் மைதா பசை கொதித்துக்கொண்டிருந்தது. அவர்தான் கிண்டிக்கொண்டிருந்தார். "கடைல வாங்குற கோந்து பழைய தாளத் தின்னுரும். மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடணும், பூச்சி வராது" என்றார், நான் என்னவோ கேட்ட மாதிரி. அறுத்த இடத்தில் விரல்கடையில் கால்வாசி அளவுக்குத் தாள் மிச்சம் நின்றது. அதில் பசை தொட்டு, ஐம்பத்தேழை வைத்து, பைண்டிங்கில் தாள் மடிக்கிற எலும்புக் கத்தியால் நான் தேய்ப்பேன். அவர் அடுத்ததை எடுத்துக் கொடுப்பார். ஒன்றுகூடக் கோணவில்லை. பட்டறைக் கண், தாத்தா, உங்கள் மகனுக்கு. நடுவில் ஒரு தடவை மட்டும் சொன்னார்: "வலது காதுப் பக்கம் போயி நின்னு கத்தணும் அவருகிட்ட. எடது காது குண்டு சத்தத்துல போச்சுன்னுதான் நாங்க நெனச்சிருந்தோம். அவரு போனப்பறம்தான் இதப் படிச்சேன். படிச்சிட்டும் அறுத்தேன்."

நேற்றைக்கு வருகிறேன். கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்போமே, சாமியார் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக வாசிப்பாரே, அந்தச் சீட்டு. இந்த வருஷம் நம் வீட்டுச் சீட்டை எழுதியது நான். உங்கள் பெயருக்குக் கீழே ரங்கராஜன் என்று எழுதினேன். முன்கூட்டியே ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். "பெருமாள் கோவிச்சுக்க மாட்டார், எழுது" என்றார் பெரியவர். "எனக்கு ஒரே பொண்ணு. எனக்கப்புறம் அவர் பேரைச் சொல்ல எங்காத்துல ஆள் கிடையாது. ஒரு இடத்துல இருக்கட்டும்." அதோடு நிற்கவில்லை, நானும் வரேன் என்றார். "கல்லறைக்கா? தீட்டுப்பா!" என்று பின்னால் மாமி குரல் கேட்டது. "வந்து ஸ்நானம் பண்ணிண்டா போச்சு. எண்பது வருஷமா காவேரி பக்கத்துலதானே ஓடறது" என்றார் இவர்.

வந்தார்கள். ஆட்டோ கல்லறை வாசலில் நின்றது. நம் வரிசையில் மெழுகுவத்தியும் செவந்தி மாலையுமாக ஊரே நின்றது. நாமம் போட்ட பெரியவர் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்ததும் நம் ஆட்கள் வழி விட்டார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் மகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து உங்கள் சிலுவைப் பக்கத்தில் போட்டார். உட்காருங்க என்று கையைக் காட்டினார், அவர் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மைக்கில் சாமியார் வாசித்துக்கொண்டே வந்தார். அந்தோணியம்மாள், ஞானப்பிரகாசம், லூர்துமேரி. சவரிமுத்து. அப்புறம் நின்றார். புதுச் சாமியார், சின்ன வயசு. சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ரங்கராஜன்? இது யார் குடுத்தது? சீட்டு மாறி வந்துடுச்சா?"

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின குரல், அதற்கு மைக் தேவையில்லை.

"மாறலீங்க சாமி. எங்க ஆளுதான். எங்கப்பா பட்டினி கெடந்தப்ப ஆறு நாளு இவரு சோத்தத் தின்னுதான் உசுரு பொழச்சாரு. செத்தவரு சோறு. எங்கப்பாவே எழுதி அச்சுப் போட்டிருக்காரு, யாருக்கு வேணும்னாலும் தரேன். பேரப் படிங்க."

தாத்தா, ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. மைக்கில் அந்தப் பெயர் இரண்டாம் தடவை வந்தது, இப்போது தெளிவாக. கூட்டம் வழக்கமான ஜெபத்தைச் சொன்னது. நாற்காலியில் இருந்தவர் உங்கள் கல்லறை மேல் உள்ளங்கையை வைத்தார். புதுச் சுண்ணாம்பு, கை வெள்ளையாகிவிட்டது. அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை. அப்படியே ஆட்டோ ஏறினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது உங்கள் மகனிடம் கேட்டேன், "என்ன தாத்தா, ஊருக்கே சொல்லிட்டீங்க?"

"நீ மட்டும்தான் கைதூக்கி ரத்தமா?" என்றார்.

சரி, முடிக்கிறேன். காலேஜுக்குத் திரும்பிப் போவேன் என்றெல்லாம் உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். வேறு ஒன்று தருகிறேன். இனி உங்கள் புத்தகம் ஐம்பத்தேழாம் பக்கம் இல்லாமல் யார் கைக்கும் போகாது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உங்கள் பெயருக்குக் கீழே அந்தப் பெயர் இருக்கும். யாருடையது என்று எந்தச் சாமியார் கேட்டாலும், கேட்ட இடத்தில், எழுந்து நின்று, என் சொந்தக் குரலில் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
பாலக்கரை கைதூக்கி வீட்டுக் கொள்ளுப்பேத்தி,
ஜெசி